எண்ணப்படாத மக்களுக்கு ஒரு விடுமுறை நாள்!

விடுமுறை என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். பள்ளிக்கூடம் இல்லை. ஆபீஸ் இல்லை. காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம். மத்தியானம் நல்ல சாப்பாடு. சாயங்காலம் குழந்தைகளோடு வெளியே போய் வரலாம்.

பண்டிகைக்கு விடுமுறை உண்டு. தலைவர்கள் பிறந்த நாளுக்கு விடுமுறை உண்டு. நாடு விடுதலை பெற்ற நாளுக்கும் உண்டு. எல்லாம் மகிழ்ச்சிக்கான விடுமுறைகள்.

"நம் முன்னோர்கள் ஒரு பெரிய தப்பைச் செய்தார்கள். அதைச் சரி செய்ய வேண்டும்" என்று நினைத்துப் பார்ப்பதற்காக எங்கேயாவது விடுமுறை விடுகிறார்களா?

விடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் தலைநகரம் கான்பெர்ரா. அங்கே மே மாதக் கடைசியில் குளிர் தொடங்கிவிடும். அந்தக் குளிரில் ஒரு திங்கட்கிழமை ஊருக்கே விடுமுறை. அதற்குப் பெயர் "நல்லிணக்க நாள்." மே 27-ந் தேதி திங்கட்கிழமையாக வந்தால் அன்றைக்கே விடுமுறை. இல்லை என்றால் அதற்கு அடுத்த திங்கட்கிழமை.

முதல் விடுமுறை 2018-ம் ஆண்டு மே 28-ந் தேதி விடப்பட்டது. அதற்கு முன்பு அந்த ஊரில் "குடும்பம், சமுதாயம்" என்று பொதுவான ஒரு பெயரில் ஒரு விடுமுறை இருந்தது. அதை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு விடுமுறையை முதலில் விட்டது கான்பெர்ராதான்.

யாருக்கும் யாருக்கும் நல்லிணக்கம்? அந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கும், பிற்பாடு வந்து குடியேறியவர்களுக்கும்.

"இது தேவைதானா?" என்று கேட்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தலை எண்ணாத சட்டம்

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் அந்த மண்ணில் 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வருகிறவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 250-க்கு மேற்பட்ட மொழிகள் அவர்களிடம் இருந்தன.

1788-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னி துறைமுகத்தில் வந்து நின்றன. கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கைதிகள். அவர்களுக்குக் காவலாகச் சிப்பாய்கள். கொடியை நாட்டினார்கள். நாடு அவர்களுடையது ஆகிவிட்டது!

விலை கொடுத்து வாங்கினார்களா? இல்லை. உடன்படிக்கை செய்தார்களா? அதுவும் இல்லை. பக்கத்தில் உள்ள நியூசிலாந்தில், 1840-ம் ஆண்டில், அங்குள்ள மாவோரி மக்களோடு ஒரு உடன்படிக்கையாவது எழுதினார்கள். இங்கே அதுகூடக் கிடையாது. "இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை" என்பதுதான் அவர்கள் சட்டம்.

1901-ல் ஆஸ்திரேலியா ஒரே நாடாகச் சேர்ந்தது. அரசியல் சட்டம் எழுதினார்கள். அதில் 127-வது பிரிவு என்று ஒன்று. நாட்டின் ஜனத்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்த்து எண்ணக் கூடாது என்பது அந்தப் பிரிவு.

கிராமத்தில் ஆடு மாடுகளைக்கூட எண்ணுகிறோம். மனிதனை எண்ணாதே என்று ஒரு சட்டம்!

("பூர்வகுடிகளைச் செடி கொடிகளோடும் மிருகங்களோடும் சேர்த்து எழுதி வைத்தார்கள்" என்று ஒரு பேச்சு அங்கே பரவலாக உண்டு. அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. இருந்த சட்டமே போதுமான அளவுக்குக் கெட்டது. அதற்கு மேல் கை, கால் ஒட்ட வேண்டியது இல்லை.)

இன்னொரு பிரிவு, பூர்வகுடிகளுக்காக மத்திய சர்க்கார் சட்டம் செய்ய முடியாது என்றது. ஒவ்வொரு மாநிலமும் அதனதன் இஷ்டப்படி அவர்களை நடத்தியது.

இந்த இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் பெயித் பாண்ட்லர் என்ற பெண்மணி. அவர் பூர்வகுடியைச் சேர்ந்தவர் அல்ல. அவருடைய தந்தையைச் சிறு வயதில் பசிபிக் கடல் தீவு ஒன்றிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து, குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டத்தில் வேலைக்கு விட்டார்கள். தந்தை பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த மகள், தன்னைப் போல அடிபட்ட இன்னொரு கூட்டத்துக்காகத் தெருவில் இறங்கினார்.

1957-ல் சிட்னி நகர மண்டபத்தில் கையெழுத்து வேட்டை தொடங்கியது. பத்து ஆண்டுகள் ஊர் ஊராகப் போனார்கள். கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. 1967-ம் ஆண்டு மே 27-ந் தேதி ஜனங்களிடமே ஓட்டு எடுத்தார்கள்.

நூற்றுக்கு 90 பேருக்கு மேல் "சரி, மாற்றுங்கள்" என்று ஓட்டுப் போட்டார்கள். ஆறு மாநிலங்களும் சேர்ந்து சொல்லின. அந்த நாட்டில் அரசியல் சட்டத்தை மாற்றுவது லேசான காரியம் அல்ல. மொத்த ஓட்டிலும் பாதிக்கு மேல் வேண்டும். ஆறு மாநிலங்களில் நான்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை 45 கேள்விகள் கேட்டு, 8 மட்டும்தான் தேறியிருக்கின்றன. அந்த எட்டிலும் இதைப் போல் ஓட்டு வாங்கியது வேறு ஒன்று இல்லை.

அந்த மே 27-ந் தேதியை வைத்துத்தான் கான்பெர்ராவில் விடுமுறை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1967-ல் அந்த ஓட்டைப் போட கான்பெர்ரா மக்களுக்கு உரிமையே கிடையாது! கான்பெர்ரா மாநிலம் அல்ல, தலைநகரப் பிரதேசம். அரசியல் சட்டத்தை மாற்றும் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு 1977-ல்தான் கிடைத்தது. ஆக, தாங்கள் ஓட்டுப் போடாத ஒரு நாளை அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள். இந்த விஷயம் பின்னால் வேறு விதமாகத் திரும்பி வரும்.

பெயர் போய், நம்பர் வந்தது

தலை எண்ணாமல் விட்டது சட்டத்தின் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம் வீட்டுக்குள் நடந்தது.

1910-ம் ஆண்டிலிருந்து 1970 வரை, பூர்வகுடிக் குழந்தைகளை அதிகாரிகள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். தாய் அழுதாலும் விடமாட்டார்கள். தகப்பன் கெஞ்சினாலும் கேட்க மாட்டார்கள். முக்கியமாக, வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பூர்வகுடித் தாய்க்கும் பிறந்த குழந்தைகள் மேல்தான் அவர்களுக்குக் கண். "இந்தக் குழந்தைகளை வெள்ளைக்காரர்களைப் போல வளர்த்துவிட்டால் பூர்வகுடி என்ற பேச்சே நாளடைவில் இல்லாமல் போகும்" என்பது அதிகாரிகளின் கணக்கு.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கின்செலா என்ற இடத்தில் பையன்களுக்கு ஒரு விடுதி இருந்தது. 1924-ல் தொடங்கி 1970 வரை நடந்தது. அங்கே போன பையனுக்குப் பெயர் கிடையாது. நம்பர்தான்! சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் நம்பர். அடிக்கக் கூப்பிட்டால் நம்பர்.

தாய் பெயர் வைப்பது எதற்காக? கூப்பிடுவதற்கு மட்டுமா? தாத்தா பெயரை வைக்கிறோம், பாட்டி பெயரை வைக்கிறோம். பெயரில் ஒரு குடும்பமே இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் குடும்பத்தை அறுத்துவிட்டதாக அர்த்தம். அதை அறிந்துதான் செய்தார்கள்.

பெண் குழந்தைகளுக்கு கூட்டமுண்ட்ரா என்ற ஊரில் வேறொரு விடுதி. அங்கே வீட்டு வேலை கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் கொஞ்சம் வளர்ந்ததும் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பினார்கள். சம்பளத்தில் பெரும் பங்கை சர்க்கார் போர்டு வாங்கி வைத்துக்கொண்டது. பலருக்கு அந்தப் பணம் கடைசி வரை கைக்கு வரவில்லை.

எத்தனை குழந்தைகள்? 1997-ல் இதைப் பற்றி ஒரு விசாரணை அறிக்கை வெளிவந்தது. அந்த ஆண்டுகளில் பத்தில் ஒரு குழந்தையிலிருந்து மூன்றில் ஒரு குழந்தை வரை பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று அது சொன்னது. இடத்துக்கு இடம் கணக்கு மாறும்.

அறிக்கையைப் படித்த ஜனங்கள் திகைத்துப் போனார்கள். "சர்க்கார் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்ற குரல் எழுந்தது. அப்போது பிரதமராக இருந்தவர் ஜான் ஹோவர்டு. அவர் மறுத்தார். இன்றைய தலைமுறை செய்யாத குற்றத்துக்கு இன்றைய தலைமுறை எப்படி மன்னிப்புக் கேட்கும் என்பது அவர் கட்சி.

2000-ம் ஆண்டு மே 28-ந் தேதி, சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். பூர்வகுடிகளும் வெள்ளைக்காரர்களும் பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் ஒன்றாக நடந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு விமானம் புகையால் எழுதியிருந்தது. ஒரே ஒரு சொல்தான்: "ஸாரி."

அந்தச் சொல் பாராளுமன்றத்துக்குள் வருவதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் ஆகின. 2008-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி, புதிய பிரதமர் கெவின் ரூடு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பிரித்துக்கொண்டு போகப்பட்ட குழந்தைகள் அப்போது கிழவர்களாக, கிழவிகளாக மாடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். பலர் கண்ணீர் விட்டார்கள்.

தோட்டக்காரர் போட்ட வழக்கு

நல்லிணக்க வாரம் மே 27-ல் தொடங்கி ஜூன் 3-ல் முடிகிறது. ஜூன் 3-ல் என்ன விசேஷம்? அது ஒரு தோட்டக்காரரின் கதை.

எடி மாபோ என்பது அவர் பெயர். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் ஜலசந்தியில் "மெர்" என்று ஒரு சின்னத் தீவு. அங்கே பிறந்தவர். டவுன்ஸ்வில் நகரில், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை பார்த்தார். தீவில் தன் குடும்பத்துக்கு உள்ள நிலத்தைப் பற்றி அங்குள்ள இரண்டு சரித்திர ஆசிரியர்களிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சட்டப்படி அந்த நிலம் உங்களுடையது அல்ல; சர்க்காருடையது" என்று சொல்ல வேண்டி வந்தது.

மாபோவால் நம்ப முடியவில்லை. பாட்டன் முப்பாட்டன் பயிர் வைத்த நிலம். எல்லை எது என்று ஊருக்கே தெரியும். அது எப்படி வேறு ஆளுக்குச் சொந்தமாகும்?

1982-ல் மாபோவும் தீவுக்காரர்கள் நால்வரும் வழக்குப் போட்டார்கள். நடுவில், வழக்கையே அழித்துவிடும்படி மாநில சர்க்கார் ஒரு சட்டம் செய்து பார்த்தது. அது கோர்ட்டில் நிற்கவில்லை. பத்து ஆண்டுகள் இழுத்தது.

1992 ஜூன் 3-ந் தேதி, ஆஸ்திரேலியாவின் தலைமைக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் தீவுக்காரர்கள் பக்கம். "நிலத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை" என்ற இருநூறு ஆண்டுப் பொய் அன்று விழுந்தது.

மாபோ அதைக் கேட்கவில்லை. அதற்கு நாலரை மாதம் முன்பே, ஜனவரி 21-ந் தேதி, புற்றுநோயால் இறந்து போனார். வயது 55.

அதோடு விட்டார்களா? 1995-ல் டவுன்ஸ்வில்லில் அவருக்குக் கல்லறை கட்டித் திறந்தார்கள். திறந்த அன்று இரவே எவனோ வந்து அதைப் பாழ்படுத்திவிட்டுப் போனான். குடும்பத்தார் உடலை எடுத்துக்கொண்டு மெர் தீவுக்குப் போனார்கள். எந்த மண்ணுக்காக வழக்காடினாரோ, அந்த மண்ணிலே அடக்கம் செய்தார்கள்.

அப்பன் வீடும் அப்பன் கடனும்

இப்போது கேள்விக்கு வரலாம். விடுமுறை தேவைதானா?

"பழையதைக் கிளறுவானேன்? தாத்தா செய்ததற்குப் பேரன் என்ன பண்ணுவான்?" என்கிறார்கள் சிலர்.

அப்பன் வைத்துவிட்டுப் போன வீடு வேண்டும். அப்பன் வாங்கிய கடன் வேண்டாம் என்றால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? வீட்டை எடுத்துக்கொண்டவன் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் நிலமும் சுரங்கமும் மேய்ச்சல் காடும் இன்றைய தலைமுறைக்குத் தாத்தா வழியாகத்தானே வந்தன? அந்தக் கணக்கிலே இன்னொரு பக்கமும் உண்டு.

மறுபக்கத்தில் பூர்வகுடிகளே சிலர் கேட்கிறார்கள். "நல்லிணக்கம் என்றால் பழைய சிநேகிதத்தைப் புதுப்பிப்பது. எங்களுக்குள் எப்போது சிநேகிதம் இருந்தது? எங்களுக்கு லீவு வேண்டாம். நிலத்தைக் கொடுங்கள். பிள்ளைகளை ஜெயிலுக்கு அனுப்பாதீர்கள்."

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அந்த நாட்டு மக்களில் பூர்வகுடிகள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. ஜெயிலில் இருப்பவர்களிலோ மூன்றில் ஒருவர் பூர்வகுடி! அவர்களுடைய ஆயுளும் மற்றவர்களைவிட எட்டு ஆண்டு குறைவு. இந்த வித்தியாசத்தைக் குறைக்கப் போகிறோம் என்று 2008-லிருந்து சர்க்கார் திட்டம் போட்டு வருகிறது. சிலவற்றில் முன்னேற்றம் உண்டு. ஜெயில் கணக்கில் இல்லை.

இப்படி இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை கடையை மூடிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது ஏமாற்று. பசித்தவனுக்கு வாழை இலையை மட்டும் விரித்துவிட்டு எழுந்து போகச் சொல்வதைப் போன்றது.

அப்படியானால் விடுமுறையே வேண்டாமா? அதுவும் சரி அல்ல. இலை போட்டால்தான் சோறு எங்கே என்று கேட்க முடியும். காலண்டரில் சிவப்பு எழுத்தில் ஒரு நாள் இருந்தால், வீட்டில் குழந்தை "இன்றைக்கு எதற்கு லீவு?" என்று கேட்கும். பெற்றோர் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்ல வேண்டும். தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு வந்து சொல்ல வேண்டும். கின்செலா நம்பர் கதை அப்படித்தான் வீட்டுக்கு வீடு போகும். பாடப் புத்தகத்தில் உள்ள ஒரு பக்கத்தைப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம். ஆண்டுதோறும் வருகிற விடுமுறையை மறக்க முடியாது.

கானடாவிலும் 2021-லிருந்து செப்டம்பர் 30-ந் தேதியை இதைப் போல ஒரு நாளாக வைத்திருக்கிறார்கள். அங்கேயும் குழந்தைகளைப் பிரித்துப் பள்ளிகளில் அடைத்த கதைதான். அந்த நாட்டில் மத்திய சர்க்காரே விடுமுறை விடுகிறது. ஆஸ்திரேலியாவில் மத்திய சர்க்கார் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. நாடு முழுவதும் விடுமுறை விடுவது ஜனவரி 26-ந் தேதிக்குத்தான். ஆம், கப்பல் வந்து கொடி நாட்டிய அதே நாள்! ஒரு வீட்டார் பட்டாசு கொளுத்தும் நாள், பக்கத்து வீட்டாருக்குத் துக்க நாள். பூர்வகுடிகள் 1938-லேயே அதைத் துக்க நாள் என்று கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தேதியை வைத்துக்கொண்டே நல்லிணக்கமும் பேசுவது பொருந்தவில்லை. மாற்றுவதற்கு 364 நாட்கள் இருக்கின்றன.

ஓட்டுப் போட்ட கான்பெர்ரா

2023 அக்டோபர் 14-ந் தேதி மறுபடியும் ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார்கள். பூர்வகுடிகள் சார்பில் ஒரு சபை அமைக்க வேண்டும். அவர்களைப் பற்றிய விஷயங்களில் அது பாராளுமன்றத்துக்கு யோசனை சொல்லும். சட்டம் செய்யும் அதிகாரம்கூட அதற்கு இல்லை. யோசனை சொல்வதற்கு மட்டும்தான். இதை அரசியல் சட்டத்தில் எழுதலாமா என்பது கேள்வி.

நூற்றுக்கு 60 பேர் "வேண்டாம்" என்றார்கள். ஆறு மாநிலங்களும் "வேண்டாம்" என்றன.

1967-ல் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. எண்ணுங்கள் என்று கேட்டபோது 90 பேர் சரி என்றார்கள். எண்ணியாகிவிட்டது, இனி நாங்கள் சொல்வதையும் கேளுங்கள் என்றபோது, 40 பேர்தான் சரி என்றார்கள். எண்ணுவதற்குச் செலவு இல்லை. காது கொடுத்துக் கேட்டால் ஏதாவது கொடுக்க வேண்டி வருமோ என்ற பயம் பலருக்கு இருந்திருக்கிறது. இந்தச் சபை சரியான வழி அல்ல என்று நினைத்து மறுத்த பூர்வகுடித் தலைவர்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு அது பெரிய அடி. முடிவு தெரிந்ததும், ஒரு வாரம் மௌனம் காக்கும்படி பல தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

"சரி" என்று சொன்ன மாநிலமோ பிரதேசமோ நாட்டிலேயே ஒன்றுதான். அது கான்பெர்ரா. நூற்றுக்கு 61 பேர்.

1967-ல் ஓட்டு இல்லாத ஊர். விடுமுறை விட்ட ஊர். விடுமுறையினால்தான் ஓட்டு விழுந்தது என்று சொல்லிவிட முடியாது. படித்தவர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் நிறைந்த ஊர் அது. ஆனால் ஐந்து ஆண்டுகள், "எதற்கு லீவு?" என்ற கேள்வி கேட்கப்பட்ட ஊரும் அதுதான்.

அந்த ஊரில் பழைய பாராளுமன்றக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. 1927-ல் இங்கிலாந்து இளவரசர் வந்து திறந்து வைத்தார். அந்த விழாவுக்கு ஜிம்மி கிளெமன்ட்ஸ் என்ற பூர்வகுடிப் பெரியவர் மலைகளைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தார். காலில் செருப்பு இல்லை. கூட நாய்கள். போலீஸ்காரர் அவரைப் போகச் சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்கள் விடவில்லை. "அவர் இருக்கட்டும்" என்று குரல் கொடுத்தார்கள். அவரும் இருந்தார்.

அதே கட்டிடத்துக்கு எதிரே உள்ள புல்வெளியில், 1972 ஜனவரி 26-ந் தேதி இரவு, நான்கு பூர்வகுடி இளைஞர்கள் வந்து ஒரு கடற்கரைக் குடையை நட்டு உட்கார்ந்தார்கள். "நிலத்தைக் குத்தகைக்குத் தரலாம், சொந்தமாகத் தர முடியாது" என்று அப்போதைய பிரதமர் சொல்லியிருந்தார். "சொந்த நாட்டிலேயே நாங்கள் அந்நியர்கள். அந்நியர்களுக்குத் தூதரகம் வேண்டாமா?" என்று சொல்லி, அந்தக் குடைக்கு அவர்கள் தூதரகம் என்று பெயர் வைத்தார்கள். குடை, கூடாரம் ஆயிற்று. போலீஸ் பிடுங்கியது. மறுபடி போட்டார்கள்.

அந்தக் கூடாரம் இன்றும் அங்கே இருக்கிறது. முன்னால் ஒரு நெருப்பு எரிகிறது. விடுமுறைத் திங்கட்கிழமையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், அதைப் பார்க்கலாம்.